நிறை, உயரம், இடுப்பு: உடல் அளவுகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

மாங்குளமோ மல்லாவியோ செட்டிகுளமோ, எந்த ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனாலும் டொக்டரைக் காண்பதற்கு முன்பே நிறை பார்த்துக் கொப்பியில் எழுதிவிடுவார்கள். சில நாட்களில் உயரமும் பார்ப்பார்கள். இடுப்பைச் சுற்றி நாடா பிடிக்க வந்தால் பலருக்குக் கூச்சம். "இருமலுக்கு மருந்தெடுக்க வந்தவனுக்கு இடுப்பு அளவு எதுக்கு?" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். இருமலுக்கும் இடுப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பத்து, இருபது வருடம் கழித்து வரக்கூடிய வருத்தங்களை மனதில் வைத்துத்தான் அந்த எண்ணை எழுதுகிறார்கள்.

ஒரு நாடாவால் அவ்வளவு தூரம் எப்படிப் பார்க்க முடியும்? இடுப்புப் பெருத்த ஆயிரம் பேரையும் இடுப்புச் சிறுத்த ஆயிரம் பேரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வயது, புகைத்தல் போன்றவற்றில் இரு பக்கமும் ஓரளவு சமமாக இருக்கட்டும். பல வருடம் தொடர்ந்து கவனித்து, எந்தப் பக்கம் எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது என்று எண்ணுங்கள். பெருத்த பக்கத்தில் தெளிவாகக் கூடியிருந்தால் இடுப்பளவு மாரடைப்புக்கு ஒரு முன்காட்டி என்று சொல்லலாம். இதில் சாத்திரம் எதுவும் இல்லை, எண்ணிப் பார்ப்பதுதான் முழு வேலையும்.

எண்ணி வந்த விடை கூட்டத்துக்கு உரியது. தனியொருவருக்கு என்ன நடக்கும் என்பதை அது உறுதியாகச் சொல்லாது. பெருத்த பக்கத்து ஆயிரம் பேரிலும் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒன்றும் வந்திருக்காது. சிறுத்த பக்கத்திலும் சிலர் விழுந்திருப்பார்கள். வண்டி வயிறும் சுருட்டுமாக எண்பதைத் தாண்டிய ஒரு பெரியப்பா எல்லா ஊரிலும் இருப்பார். அவரைக் காட்டி அந்தக் கணக்கைப் பொய்யாக்க முடியாது. கணக்கைக் காட்டி அவரைப் பயமுறுத்துவதும் வீண் வேலை.

இரணைமடுக் குளத்தின் அளவுகோல் 30 அடி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறுபோகத்துக்குக் காத்திருக்கும் கமக்காரருக்கு அது நல்ல செய்தி. மார்கழி அடைமழையில் வான் கதவுகளுக்குக் கீழே குடியிருப்பவருக்கு அதே 30 அடி வேறு செய்தி. நேற்று 26 இருந்து இன்று 30 ஆகியிருந்தால் அது இன்னொன்று. உடல் அளவுகளும் இப்படித்தான். யாருடைய அளவு, எந்தக் கேள்விக்காக எடுத்தது, முன்பு எவ்வளவு இருந்தது என்ற மூன்றும் தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. நான் சொல்ல வருவது ஏறக்குறைய இவ்வளவுதான்.

பி.எம்.ஐ. என்ற பழைய கணக்கு

கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. கிளினிக்கில் பி.எம்.ஐ. என்பார்கள். 1.60 மீற்றர் உயரமும் 64 கிலோ நிறையும் உள்ள ஒருவருக்கு முதல் தடவை வகுத்தால் 40, இன்னொரு தடவை வகுத்தால் 25. அவரது பி.எம்.ஐ. 25.

இந்தக் கணக்கைப் போட்டவர் டொக்டர் அல்லர். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே வானியலும் புள்ளிவிபரமும் படித்தவர். 1830களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியபோது, வளர்ந்தவர்களின் நிறை உயரத்தின் இருபடியோடு சேர்ந்து கூடுவதைக் கண்டார். நோயைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. பின்னர் அமெரிக்காவின் ஆயுள் காப்புறுதிக் கொம்பனிகள்தான் நிறை கூடியவர்கள் சீக்கிரம் இறப்பதைக் கண்டு அட்டவணை போட்டன. யார் எப்போது இறப்பார் என்று ஊகிப்பதுதானே அவர்களுடைய பிழைப்பு. 1972இல் அன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல சூத்திரங்களை ஒப்பிட்டு, கெட்லேயின் கணக்கே போதும் என்று முடிவுசெய்து, இப்போதுள்ள பெயரை வைத்தார். அவர் ஒப்பிட்டது ஆண்களை மட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான எல்லைகள் இவை: 18.5க்குக் கீழே நிறை குறைவு, 25க்கு மேலே நிறை கூடுதல், 30க்கு மேலே உடற்பருமன். வரைபடமாகப் போட்டால் இறப்பு இரண்டு ஓரத்திலும் ஏறி நடுவில் தாழும். மெலிவும் ஆபத்துத்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த எல்லைகள் பெரும்பாலும் ஐரோப்பிய உடல்களைப் பார்த்து வகுத்தவை. தெற்காசியர்களுக்கு அதைவிடக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. அதனால் 2004இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அறிக்கை, ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டும்போதே கவனிக்கத் தொடங்க வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று சொன்னது. நம் உதாரணத்து 64 கிலோக்காரர் ஐரோப்பியக் கணக்கில் எல்லையில் நிற்கிறார். நம் கணக்கில் எல்லையைத் தாண்டி வெகு நேரமாகிவிட்டது.

குறைந்த நிறையிலேயே ஏன் நோய் வருகிறது? இதற்கு ஒரு புகைப்படம் பேர்போனது. இந்தியாவின் பூனேயைச் சேர்ந்த யாஜ்னிக் என்ற டொக்டரும் லண்டனைச் சேர்ந்த யூட்கின் என்ற டொக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்தது, 2004இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. கொழுப்பை அளந்தபோது வெள்ளைக்காரரின் உடலில் 9.1 வீதம், இந்தியரின் உடலில் 21.2 வீதம். ஆபத்து யார் பக்கம் கூட என்பதைப் பி.எம்.ஐ. காட்டவே இல்லை. தராசுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். மில்லில் நெல் மூட்டை சுமப்பவரும் நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவரும் ஒரே 25இல் வந்து நிற்கலாம். இருவருக்கும் ஒரே புத்திமதியைச் சொல்லி அனுப்பினால் மூட்டை சுமப்பவர் அடுத்த முறை கிளினிக் பக்கம் வரமாட்டார்.

வண்டி ஏன் முக்கியம்

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே படிந்திருக்கிறது என்பது பெரிய விஷயம். தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு பெரிதாகத் தொல்லை தராது. வயிற்றின் உள்ளே ஈரலையும் குடலையும் சுற்றிப் படிவது வேறு. அங்கிருந்து கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது, இரத்தத்தில் சீனி ஏறுகிறது, கெட்ட கொழுப்பும் பிரஷரும் கூடவே ஏறுகின்றன. கையும் காலும் ஒல்லியாக, முன்னால் மட்டும் வண்டி வைத்த உடல் நம்மிடையே அதிகம். "நான் மெலிஞ்ச ஆள்தானே" என்று சொல்பவருக்குச் சீனி வருத்தம் இருப்பது இப்படித்தான்.

52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட 'இன்டர்ஹார்ட்' என்ற பெரிய ஆய்வில் இலங்கையரும் இருந்தார்கள். அதன் உடற்பருமன் பற்றிய பகுதி 2005இல் வெளிவந்தது. மாரடைப்போடு பி.எம்.ஐ.யைவிட, இடுப்பு அளவைப் பிட்ட அளவால் வகுத்து வரும் எண் இறுக்கமாகப் பொருந்தியது. இடுப்புப் பெரிதாவது ஆபத்தைக் கூட்டியது. பிட்டம் பெரிதாவதோ ஆபத்தைக் குறைக்கும் பக்கமே நின்றது.

தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். ஐரோப்பிய ஆண்களுக்கு 94. இதைவிட நினைவில் நிற்கும் ஒரு விதி உண்டு: இடுப்பு உயரத்தின் பாதியைத் தாண்டக்கூடாது. 160 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 80. உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி, அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பார்த்தால் போதும், எண்ணே தேவையில்லை. இங்கிலாந்தின் அரச சுகாதார வழிகாட்டியும் 2022இலிருந்து இதையே சொல்கிறது.

அளக்கும் இடத்தில்தான் பலரும் பிழை விடுவார்கள். ஆண்களிடம் கேட்டால் "எனக்கு முப்பத்திரண்டு இஞ்சிதான்" என்பார்கள். அது காற்சட்டையின் அளவு. காற்சட்டையும் சாறமும் தொந்திக்குக் கீழே நிற்கின்றன, தொந்தி அதற்கு மேலே தாராளமாக இருக்கிறது. விலா எலும்பின் கடைசி விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தொட்டுக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே நாடா வர வேண்டும். சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிப் பிடிப்பவர்களை ஏதாவது கதை கேட்டுப் பேச வைத்தால் தானாகவே விட்டுவிடுவார்கள். பெண்களுக்கு ஒரு பெண் ஊழியர், மறைவான இடத்தில், மெல்லிய துணிக்கு மேலாக அளப்பதுதான் முறை. அது இல்லாத இடத்தில் ஒருவரை வற்புறுத்தி அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிக் கிடைக்கும் எண்ணும் சரியாக இராது.

கால் இழந்தவரின் நிறை

வன்னியில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். செல்லிலும் மிதிவெடியிலும் கால் போனவர்கள் இல்லாத ஊர் இங்கே குறைவு. பாடப்புத்தகப் பி.எம்.ஐ. இரண்டு கால் உள்ளவர்களுக்கானது. கால் இல்லாதவரின் நிறையை அப்படியே போட்டால் அவர் மெலிந்தவராகத் தெரிவார்.

திருத்துவது கடினமில்லை. முழுக் கால் ஒன்று உடல் நிறையில் ஏறக்குறைய 16 வீதம். முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு சேர்த்து ஏறக்குறைய 6 வீதம். முழுக் கை ஒன்று 5 வீதம். இடுப்போடு ஒரு கால் போன, 1.70 மீற்றர் உயரமான ஒருவர் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு நிறுத்தால் 58 கிலோ வருகிறது என்று வைப்போம். நேரடிப் பி.எம்.ஐ. 20. "நல்லாயிருக்கு அண்ணை" என்று அனுப்பிவிடலாம். ஆனால் 58 என்பது முழு உடலின் 84 வீதம்தான். 58ஐ 0.84ஆல் வகுத்தால் 69 கிலோ, அதற்குரிய பி.எம்.ஐ. ஏறக்குறைய 24. ஆசிய எல்லையான 23ஐத் தாண்டிவிட்டார். செயற்கைக் காலோடு நிறுத்தாலும் சரியான விடை வராது. ஜெய்ப்பூர் காலின் நிறை உண்மைக் காலின் நிறை அல்ல, ஆளுக்கு ஆள் வேறுபடவும் செய்யும்.

இரண்டு காலும் இல்லாதவருக்கு உயரம் எங்கே பார்ப்பது? கைகளை இரு பக்கமும் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனி வரை அளந்தால் அது பழைய உயரத்துக்குக் கிட்ட வரும். இடுப்புச் சுற்றளவுக்கு இந்தத் திருத்தம் எதுவும் தேவையில்லை என்பது ஒரு வசதி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இருந்தபடியோ படுத்தபடியோ எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே நிலையில் எடுக்க வேண்டும்.

இவர்களுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைதானா என்றால், மற்றவர்களைவிடக் கூடத் தேவை. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட அமெரிக்கப் படையினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 1980இல் வந்தது. முழங்காலுக்கு மேலோ முழங்கைக்கு மேலோ உறுப்பை இழந்தவர்கள், வேறு விதமாகக் காயப்பட்டவர்களைவிட இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். நடை குறைகிறது, வண்டி வைக்கிறது, பிரஷர் ஏறுகிறது. காயம் ஆறி எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வரும் ஆபத்து இது. அதற்குள் கிளினிக்குக்குப் போகும் பழக்கமே விட்டுப்போயிருக்கும்.

தானாக நிறை குறைந்தால்

ஒரு நாளில் எடுத்த நிறையைவிட, அது போன தடவையிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பது பெரும்பாலும் கூடுதலாகச் சொல்லும். சாப்பாட்டைக் குறைக்காமல், முயற்சி எதுவும் செய்யாமல், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நிறையில் 5 வீதத்துக்கு மேல் குறைந்தால் கவனிக்க வேண்டும். 60 கிலோக்காரருக்கு அது 3 கிலோ. 10 வீதம் என்றால் பெரிய எச்சரிக்கை. கட்டுப்படாத சீனி வருத்தம், காசநோய், புற்றுநோய், தைரொயிட், மனச்சோர்வு எதுவாகவும் இருக்கலாம். "பிள்ளை வெளிநாட்டுக்குப் போன கவலையில மெலிஞ்சிட்டா" என்று வீட்டில் ஒரு காரணம் சொல்லிவிடுவார்கள். உண்மையாகவே அதுவாகவும் இருக்கலாம். சளிச் சோதனையும் இரத்தச் சோதனையும் செய்து பார்த்த பிறகு அந்த முடிவுக்கு வருவது நல்லது.

எதிர்த் திசையிலும் ஒன்று உண்டு. இதயம் பலவீனமானவர் என்று டொக்டர் சொல்லியிருக்கும் ஒருவருக்கு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது கொழுப்பாக இருக்க முடியாது. உடலில் நீர் தேங்குகிறது. கால் வீங்கும் முன்பே, மூச்சு வாங்கும் முன்பே தராசு சொல்லிவிடும். வீட்டில் தராசு ஒன்றை வாங்கி வைக்க உண்மையில் தேவையுள்ளவர்கள் இவர்கள்தான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் அவிழ்த்துவிட வேண்டும். இதயம் பலவீனமான நோயாளிகளிலும் டயலிசிஸ் செய்பவர்களிலும் பி.எம்.ஐ. சற்றுக் கூடியவர்கள் கூடக் காலம் வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியென்றால் கொழுப்பு நல்லதா? அவசரப்பட வேண்டாம். நோய் முற்றியவர்கள் நோயாலேயே மெலிந்து போகிறார்கள். மெலிந்தவர்களின் கூட்டத்தில் ஏற்கெனவே மோசமானவர்கள் வந்து சேர்ந்துவிடுவதால், மெலிவு அவர்களைக் கொன்றதுபோலத் தெரிகிறது. விளைவு காரணத்தின் வேடத்தில் வந்து நிற்கிறது. இது முழு விளக்கம் இல்லை, நோய்க்காலத்தில் கையிருப்புச் சத்து உதவுவதும் உண்மையாக இருக்கலாம். எப்படியானாலும், இன்று சுகமாக உள்ளவர் வண்டி வளர்ப்பதற்கு இந்த ஆய்வுகளைச் சாட்டாகச் சொல்ல முடியாது.

சிறுநீரகப் பக்கமும் ஒரு வார்த்தை, வவுனியாவில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருப்பதால். இரத்தத்தில் பார்க்கும் கிரியேற்றினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் கூடும். தசை வற்றிய ஒரு வயோதிபருக்குக் கிரியேற்றினின் குறைவாகவே ஊறும். அறிக்கையில் எண் சரியாக இருக்கும், சிறுநீரகம் சரியாக இராது. ஆளின் உடலைப் பார்க்காமல் கடதாசியை மட்டும் பார்த்தால் ஏமாறும் இடம் இது.

மருந்து அளவுக்கும் நிறை தேவை. பிள்ளையின் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்றுதான் கணக்கு. "மூன்று வயசு, அரைக் குளிசை" என்று வயதை வைத்துக் கொடுப்பது மெலிந்த பிள்ளைக்குக் கூடிப்போகலாம். இதற்கு நேர்மாறான ஒன்று பாம்புக்கடி. புடையன் கடித்த பிள்ளைக்கும் வளர்ந்தவருக்கும் விஷமுறி மருந்து ஒரே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொத்துவதில்லையே. அங்கே அளக்க வேண்டியது விஷத்தை, உடலை அல்ல.

பிள்ளையின் கையும் பிறந்த நிறையும்

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, இடது மேற்கையின் நடுவில் சுற்றும் ஒரு நிற நாடா இருக்கிறது. 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே சிவப்பு: கடுமையான போசாக்கின்மை, உடனே வைத்தியம் வேண்டும். 11.5 முதல் 12.5 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. தராசும் வேண்டாம், பிறந்த திகதியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். அகதி முகாம்களில் உலகெங்கும் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அந்த வயதுகளில் மேற்கைச் சுற்றளவு வளர்ச்சியோடு அதிகம் மாறுவதில்லை, ஆனால் பட்டினியில் சீக்கிரம் வற்றும். எந்தப் பிள்ளை அடுத்த வாரங்களில் இறக்கக்கூடும் என்பதைக் காட்டுவதில் இதற்கு இணையான எளிய அளவு இல்லை என்றே சொல்லலாம்.

ஊரில் குடும்பநல உத்தியோகத்தர், நாம் மிட்வைஃப் என்று சொல்பவர், மாதாமாதம் போடும் வளர்ச்சிக் கோடு வேறு விதமான வேலை செய்கிறது. அதில் புள்ளி எங்கே விழுகிறது என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் சரிகிறது என்பதைப் பாருங்கள். கீழ் வரிசையிலேயே பிறந்து அதே வரிசையில் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையைவிட, மேல் வரிசையில் இருந்து இரண்டு மாதமாகப் படுத்துவிட்ட கோடுதான் கவலை தருவது.

"எங்கட பரம்பரையே கட்டை" என்று அம்மம்மா சொல்வார். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பிள்ளைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த பிள்ளைகள் ஐந்து வயது வரை ஆறு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே உயரம் வளர்ந்தார்கள். அம்மம்மாவின் பேச்சில் பாதி உண்மை இருக்கலாம், ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையின் கட்டைக்குப் பரம்பரையைச் சாட்டும் முன் சாப்பாட்டையும் வயிற்றோட்டத்தையும் பார்க்க வேண்டும்.

பிறந்த நிறை இன்னும் தூரம் பேசும். 2.5 கிலோவுக்குக் குறைந்தால் குறைநிறை. அந்தப் பிள்ளைக்கு முதல் மாதத்து ஆபத்துக் கூட என்பது பழைய செய்தி. டேவிட் பார்க்கர் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் வேறொன்றைக் கண்டார். ஹார்ட்ஃபோர்ட்ஷயர் என்ற இடத்தில் 1911இலிருந்து மருத்துவ மாதுகள் வீடு வீடாகப் போய்ப் பிறந்த நிறையையும் ஒரு வயது நிறையையும் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து எப்படி இறந்தார்கள் என்று பார்க்கரின் குழு தேடி, 1989இல் வெளியிட்டது. சிறிதாகப் பிறந்து ஒரு வயதிலும் சிறிதாகவே இருந்த ஆண்கள் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். மருத்துவ மாதுகளின் கையெழுத்து அறுபது, எழுபது வருடம் கழித்து இப்படிப் பயன்பட்டது.

1944, 45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஜேர்மனியர் உணவை மறித்ததால் வந்த பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களுக்கு, நடுத்தர வயதில் சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்ததும் தெரியவந்தது. 2008இலும் 2009இலும் வன்னியில் கருவில் இருந்தவர்களையும் பிறந்தவர்களையும் நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. நெதர்லாந்துக் கணக்கை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்டக்கூடாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் இளைஞர்களாகி வரும்போது, பிரஷரும் சீனியும் பார்ப்பதற்கு நாற்பது வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறிதாகப் பிறந்து பின்னர் வேகமாகப் பருத்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பிறந்த நிறை எழுதிய கொப்பி இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் அம்மாவைக் கேளுங்கள், பெரும்பாலும் நினைவிருக்கும்.

வயது போனவர்களுக்கு அளவுகோல் மாறுகிறது. அறுபது, எழுபதுக்குப் பிறகு தசைதான் சொத்து. கெண்டைக்காலின் பருத்த இடத்துச் சுற்றளவு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் தசை கரைந்திருக்கலாம் என்று ஆசிய நிபுணர் குழுவொன்று 2019இல் சொன்னது. கால் வீங்கியவருக்கு இந்த அளவு உதவாது. கைப்பிடியின் வலுவும் அப்படி ஒரு அளவு. 17 நாடுகளில் ஏறக்குறைய 1 இலட்சத்து 40 ஆயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளிவந்த ஆய்வில், பிடியின் வலு ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் இறக்கும் வாய்ப்பு 16 வீதம் கூடியிருந்தது. மேல் பிரஷரைவிட இது நன்றாக முன்காட்டியது.

இந்த '16 வீதம்' போன்ற எண்கள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வரும். நூறு பேரில் இருவர் இறக்கும் ஒரு கூட்டத்தில் 16 வீதம் கூடுவது என்றால் 2 என்பது 2.3 ஆகிறது. அவ்வளவுதான். அடிப்படை ஆபத்து எவ்வளவு என்று கேட்காமல் வீதத்தை மட்டும் படித்தால் பயம்தான் மிஞ்சும்.

முன்காட்டியைக் காரணம் என்று எடுத்துக்கொள்வதும் அதே போன்ற பிழை. கைப்பிடி வலு உடல் முழுவதின் நிலையைக் காட்டும் ஒரு சாளரம். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பிடியை மட்டும் வளர்த்தால் ஆயுள் கூடும் என்பதற்கு அந்த ஆய்வில் ஒன்றும் இல்லை. மாறாக, வண்டியில் நிறையவே காரணமும் இருக்கிறது. அதைக் குறைத்தால் சீனியும் பிரஷரும் உண்மையாகவே இறங்குகின்றன. எந்த அளவு வெறும் அடையாளம், எந்த அளவை மாற்றினால் நோயும் மாறும் என்று கேட்டுவிட்டுத்தான் ஒன்றின் பின்னால் ஓட வேண்டும்.

அளவுகளை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் புதுப்பித்த இதய ஆபத்து அட்டவணை நல்ல உதாரணம். இரத்தச் சோதனை இல்லாத இடங்களுக்கான வடிவத்தில் வயது, ஆணா பெண்ணா என்பது, புகைத்தல், மேல் பிரஷர், பி.எம்.ஐ. என்ற ஐந்தைப் பார்த்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பை நிறத்தில் காட்டுகிறார்கள். அட்டவணையில் விரலை நகர்த்திப் பார்த்தால் புரியும். புகைப்பவரின் கட்டத்துக்கும் புகைக்காதவரின் கட்டத்துக்கும் உள்ள தூரம், பி.எம்.ஐ. ஒரு கட்டம் தாண்டும் தூரத்தைவிடப் பெரிது. மெலிந்த உடலோடு சுருட்டுப் பிடிப்பவர் தன் பி.எம்.ஐ.யைக் காட்டி நிம்மதியடைய இடமில்லை. ஆஸ்பத்திரிகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இந்தக் கணக்கைக் காசில்லாமல் போட்டுத் தருவார்கள்.

வீட்டில் அளப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தராசைச் சீமெந்துத் தரையில் வையுங்கள், பாயிலோ மண் தரையிலோ வைத்தால் எண் ஆடும். காலையில், மலசலம் கழித்த பிறகு, சாப்பிடும் முன், எப்போதும் அதே தராசில் பாருங்கள். கடைத் தராசையும் கிளினிக் தராசையும் ஒப்பிட்டு "இரண்டு கிலோ குறைஞ்சிட்டேன்" என்று மகிழ வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் திகதி எழுத மறக்க வேண்டாம், திகதியில்லாத நிறையை வைத்து டொக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் பழைய கொப்பியையும் கொண்டுபோங்கள். இடுப்புக்குத் தையல் நாடா போதும், ஆனால் பழைய துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கும், நீண்ட நாடா குறைத்தே காட்டும். மேசனின் இரும்பு டேப்போடு ஒரு தடவை வைத்துப் பாருங்கள். ஒரு மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் பிசகியிருந்தாலே, 90க்குக் கிட்ட நிற்பவர் எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மாறிவிடும்.